முதல்ல வர, காலி அப்புறம்

மல்லாந்து படுத்திருந்தேன். மூக்குக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரத்தில் பிக்கப் வண்டியின் பின் அச்சு. காதுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாவு டப்பா. அதில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கறுப்பு எண்ணெய். கண்ணுக்கு நேரே ஒரு போல்ட். அது அசைய மறுத்தது.

முதல் தடவை இருபது எண்ணும் வரை அழுத்தினேன். இரண்டாம் தடவை முப்பது. மூன்றாம் தடவை கை வழுக்கி, விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது.

"இன்னாங்க, உயிரோட இருக்கீங்களா?" வாசலிலிருந்து என் மனைவி சரோஜா.

"இருக்கேன்."

"ரொம்ப நேரமா காலு ரெண்டும் ஆடல. அதான் கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே கால். உள்ளே இருந்த எண்ணெய் முழுவதையும் கீழே வடித்துவிட்டேன். புது எண்ணெய் ஊற்ற இருக்கும் ஒரே துளை அந்த மேல் போல்ட்டுக்குப் பின்னால். அது திறக்கவில்லை. எண்ணெய் இல்லாமல் வண்டியை ஓட்டினால், உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் இந்தப் புனேயில் எரவாடாவைத் தாண்டுவதற்குள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மறுநாள் விடியலில் அந்த வண்டி போயாக வேண்டும். மகர்பட்டாவில் பதினோரு கடை, பாணேரில் ஒன்பது. இருபது கடைக்கும் இட்லி மாவு. ஒரு நாள் போகாவிட்டால் ஆட்டிய மாவெல்லாம் புளித்துப் பொங்கும். இரண்டு நாள் போகாவிட்டால் கடைக்காரர்கள் வேறு மாவுக்கு மாறிவிடுவார்கள். மாவு என் மகள் கலையுடையது. வண்டியும் அவளுடையது. "டிஃபரன்ஷியலை மட்டும் தொடாதீங்கப்பா" என்று அவள் சொல்லியிருந்ததும் உண்மை. ஒரு தடவை அல்ல, நான்கு தடவை.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கண் அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதியிருந்தேன். சொட்டு மருந்தை எண்ணிப் போட்ட கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருந்தது ஐயா. இதுதான் அந்த வேலை.

பூசணிக்காய்

பிக்கப்பின் பின்னால் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் அளவில் ஒரு இரும்பு உருண்டை தொங்கும். அதுதான் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டுக்கும் சண்டை வராமல் பிரித்துக் கொடுப்பது அந்தப் பூசணிக்காயின் வேலை.

இதை ஒரு நாள் சரோஜாவுக்கு விளக்கினேன். "அப்ப நம்ம வீட்டுல வெளிச் சக்கரம் நான்தான்" என்றாள்.

உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். அந்த எண்ணெய் தேன் பதத்தில் இருக்கும். வாசனை கிட்டத்தட்டப் பெருங்காயம். மிகையாகச் சொல்லவில்லை, இரண்டிலும் இருப்பது கந்தகம். இஞ்சின் எண்ணெயைப் போல அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. அதனாலேயே எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

நான் மறப்பவன் அல்ல. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் அளவுக் கருவி பிடித்தவன். முடியில் பாதி கனம் கூடினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பியவன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அளந்தவன்தான், கழற்றியவன் அல்ல.

உய்ங்

வண்டி முதலில் என் மாப்பிள்ளை சேகருடையது. மாவு வியாபாரத்தை ஆரம்பித்ததும் அவர்தான். இரண்டு மழைக்காலத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் அவர் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினெட்டாம் நாள் கலை ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அதுவரை அவள் ஓட்டிப் பழகியிருந்தது ஸ்கூட்டி மட்டும்தான்.

அன்றிலிருந்து விடியற்காலை நாலரைக்கு மாவு அறையின் ஷட்டரைத் தூக்குவாள். அந்த ஷட்டர் போடும் கூச்சலில் கல்லி என்று இங்கே சொல்லும் எங்கள் சந்து முழுவதும் விழித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கண்பத், "எனக்கு அலாரம் எதுக்கு, கலையின் ஷட்டர் இருக்கே" என்பார். அவரும் சேகரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், தோஸ்த்துகள்.

சில வாரங்களுக்கு முன் கலையோடு ஒரு நாள் மாவு போடப் போனேன். வேகம் நாற்பதைத் தாண்டியதும் பின்னாலிருந்து 'உய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றது. வைத்தால் மறுபடி வந்தது. பாணேர் போவதற்குள் முப்பத்தோரு தடவை.

"கலை, அந்த எண்ணெயை மாத்தணும். சேகர் மாத்தி முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஆச்சு."

"பாத்துக்கலாம்பா."

"இந்த ஞாயிறு?"

"பாத்துக்கலாம்னு சொன்னேன்ல? கராஜ்ல விட்டா ரெண்டு நாள் போயிடும்."

"நானே மாத்தறேன்."

"வேணாம். நீங்க அதைத் தொடாதீங்க." குரல் கொஞ்சம் உயர்ந்தது.

என் வயதுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். போன வருஷம் குளியலறைக் குழாயை நான் இறுக்கி, அது கையோடு வந்து, மூன்று வீட்டுக்குத் தண்ணீர் நின்றது. அதை மனத்தில் வைத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகம் பயம் வந்தது. விடியல் இருட்டில், தனியாக, லாரிகளுக்கு நடுவே, அந்தப் பூசணிக்காய் இறுகிப் பின்சக்கரம் நின்றுபோனால்? இரவெல்லாம் காதில் உய்ங்.

அந்த ஞாயிறு, காலையில் மாவு போடும் நடை முடித்து வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு சிநேகிதியின் குழந்தைக்குப் பேர் வைக்கும் விழாவுக்குக் கலை மகர்பட்டா போனாள். ஐந்து மணிக்குத்தான் வருவாள். வண்டி இன்னும் சூடாக இருந்தது. சூடான எண்ணெய்தான் நன்றாக வடியும். புது எண்ணெயை நான் ஏற்கெனவே வாங்கி, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

சேகரின் எழுத்து

டிரைவர் பக்கக் கதவின் உள்ளே, கறுப்பு மார்க்கரில், சேகர் இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். மேல் வரியில் எண்ணெய் மாற்றிய கிலோமீட்டர். கீழ் வரியில் முறை. அந்த முறையைப் பின்பற்றித்தான் எல்லாவற்றையும் செய்தேன். அங்கேதான் கெட்டது.

சேகர் புனேயில் பிறந்தவர், மராத்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத வராது. தமிழை மராத்தி எழுத்தில் எழுதுவார். அந்த எழுத்து எனக்குப் படிக்க வரும். ஆனால் அவர் எழுதியதைப் படிக்க அது மட்டும் போதாது. நினைத்த இடத்தில் தமிழ், தோன்றிய இடத்தில் மராத்தி.

கல்யாணமான புதிதில் ஒரு சாமான் சீட்டை என்னிடம் கொடுத்தார். 'புளி கால் கிலோ. வாங்கி அரைக் கிலோ. கொத்தமல்லி ஒரு கட்டு.' மண்டையை உடைத்துக்கொண்டேன். எதை வாங்கி அரைக் கிலோ? புளியையா? ஒருவேளை புளியை வாங்கி, அப்புறம் இன்னும் அரைக் கிலோவா? கடைசியில் முக்கால் கிலோ புளியோடு வீடு வந்தேன். மராத்தியில் 'வாங்கி' என்றால் கத்திரிக்காய்.

"மாமா, இத்தனை புளில வருஷம் பூரா ரசம் வைக்கலாம்" என்று சேகர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதியது யார் தப்பு என்று வாதாடினேன். இப்போது நினைத்தால் சிரித்திருக்கலாம்.

கதவில் எழுதியிருந்தது இது: 'முதல்ல வர, காலி அப்புறம்.'

'முதல்ல' தமிழ். 'அப்புறம்' தமிழ். ஆக எல்லாமே தமிழ் என்று முடிவு கட்டினேன். முதலில் எண்ணெய் வெளியே வர வேண்டும், காலியானபின் மற்றது. தெளிவாகத்தானே இருக்கிறது!

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நான்கு கல் வைத்தேன். அடியில் நுழைந்தேன். கீழ் போல்ட்டைக் கழற்றினேன். எண்ணெய் கட்டை விரல் கனத்தில் இறங்கியது, பிறகு நூலாயிற்று, பிறகு சொட்டு. நூற்றுப் பத்துச் சொட்டு வரை எண்ணினேன்.

"அது மாவு டப்பாதானே?" என்றாள் சரோஜா.

"விரிசல் விட்டது. பழசு."

"கலை பாத்தா உங்களுக்கு விரிசல் விடும்."

கீழ் போல்ட்டின் நுனியில், இரும்புத் தூளைப் பிடிக்க ஒரு காந்தம். அதில் ஒட்டியிருந்த சாம்பல் பசையைத் துணியில் வழித்து வைத்துக்கொண்டு, போல்ட்டை மறுபடி பூட்டினேன். பிறகுதான் மேல் போல்ட்டிடம் போனேன்.

இரண்டே வார்த்தை

என் முனகல் கேட்டுக் கண்பத் வந்தார். குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, காய் ஜாலா?" என்ன ஆச்சு என்று கேட்டார்.

சொன்னேன். அவர் ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரின் பிடியில் மாட்டினார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். பிடி வளைந்தது. போல்ட் அசையவில்லை.

கண்பத் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இந்தியில் சொன்னார்: "அண்ணா, எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்ய மாட்டான். ஊத்துற வழி திறக்குதான்னு பாத்துட்டுத்தான் வடிக்கிற வழியைத் திறப்பான்." பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விரலை மேலும் கீழும் காட்டி மராத்தியில் சொன்னார்: "ஆதி வர்ச்ச, மக கால்ச்ச."

முதலில் மேலே உள்ளது, பிறகு கீழே உள்ளது.

நான் தரையில் தலையை வைத்துவிட்டேன். மராத்தியில் 'வர' என்றால் மேலே. 'காலி' என்றால் கீழே. நாற்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் பஸ் கண்டக்டர்களிடமும் காய்கறிக்காரர்களிடமும் நான் கேட்டுப் பழகிய சொற்கள். 'முதல்ல மேலே, கீழே அப்புறம்.' சேகர் எழுதியிருந்தது மிகச் சரியான முறை. கத்திரிக்காயில் விழுந்தவன், இதிலும் விழுந்தேன்.

அப்போது கல்லி முனையில் ஆட்டோ வந்து நின்றது. கலை. நாலு மணிகூட ஆகவில்லை.

கொதிநீர்

அவள் பட்டுப் புடவையோடு வந்து நின்றாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் விரல் முட்டியில் ரத்தத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

"பேசாம போறாளே" என்றேன் சரோஜாவிடம்.

"பேசினா தாங்குவீங்களா?"

பழைய சுடிதாரில் திரும்பி வந்தாள். "அம்மா, இட்லி பானைல தண்ணி கொதிக்க வை. கண்பத் அண்ணா, சுத்தியல் குடுங்க. அப்பா, நகருங்க."

என் பக்கத்தில் தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் நழுவி வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேகர் இந்த எண்ணெயை மாற்றிய ஒவ்வொரு தடவையும் டார்ச் பிடித்தவள் இவள். முறை தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்க, நான் கதவைக் கேட்டிருக்கிறேன்.

"கதவுல 'வர'ன்னு எழுதியிருந்துச்சே" என்றேன், மெதுவாக.

"வர்னா மேல, அப்பா."

"தமிழ்னு நெனச்சேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு கொஞ்சம் கோணிற்று. "முக்கால் கிலோ புளி" என்றாள்.

பழைய துணியைப் பூசணிக்காயின்மேல் சுற்றச் சொன்னாள். காற்று போய்வர மேலே இருக்கும் மூச்சுக்குழாயில் மட்டும் தண்ணீர் படக்கூடாது என்றாள். எல்லோரும் வெளியே நகர்ந்துகொண்டோம். சரோஜா பானையைத் தூக்கி வந்தாள். கலை செம்பால் மொண்டு, கையை நீட்டித் துணிமேல் ஊற்றினாள். ஏழு செம்பு. ஆவியில் பெருங்காய வாசனை கிளம்பியது. பிறகு உள்ளே போய், போல்ட்டின் தலையில் சுத்தியலால் தட்டினாள். பலமாக அல்ல; கதவு தட்டுவதுபோல. இருபத்திரண்டு தட்டு.

"கண்பத் அண்ணா, இப்ப முதல்ல டைட் பண்ணுங்க. தோடா, கொஞ்சம்தான்."

"டைட்டா? திறக்கத்தானே பாடு படறோம்!" என்றார் கண்பத்.

"முதல்ல ஒரு முடி இறுக்கணும். துரு அப்பத்தான் விடும். உங்க தோஸ்த் அப்படித்தான் பண்ணுவாரு."

கண்பத் இறுக்கினார். பிறகு மறுபக்கம் இழுத்தார்.

டக்.

அந்தச் சத்தம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சரோஜா வெறும் பானையை நங்கென்று கீழே வைத்தாள்.

கலை சுண்டு விரலைத் துளைக்குள் மடக்கி விட்டாள். வெளியே எடுத்தாள். நகத்தில் மட்டும் கறுப்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயர் நாலும் மாத்தியாச்சுப்பா" என்றாள். "பேட்டரி மாத்தியாச்சு. பிரேக், வைப்பர், சீட் கவர்கூட மாத்தியாச்சு. அவர் கையால ஊத்தினது இது ஒண்ணுதான் வண்டில ஓடிட்டு இருந்துச்சு."

உய்ங் முப்பத்தோரு தடவை. கிலோமீட்டர் முப்பத்தெட்டாயிரம். தொடாதே என்று நாலு தடவை. எல்லாவற்றையும் எண்ணிய நான் இதை எண்ணவே இல்லை.

"தெரியாமப் போச்சும்மா."

"நான் சொல்லலையே." நகத்தைத் துடைத்துக்கொண்டு, "விட்டது தப்புதான். உள்ள தேஞ்சிருக்கும்" என்றாள்.

காந்தத்திலிருந்து வழித்த பசையைத் துணியோடு நீட்டினேன். மாவின் பதம் பார்ப்பதுபோல் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். அந்த விரல்களுக்குத் தெரியாத பதம் இல்லை.

"திப்பி இல்ல. நைசா இருக்கு."

"நைசா இருந்தா நல்லதா?"

"நல்லது. துண்டு துண்டா இருந்தாத்தான் பல்லு போச்சுன்னு அர்த்தம்."

புது எண்ணெய்ப் புட்டியில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறு நுனியைத் துளைக்குள் விட்டோம். நான் புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலை அடியில் படுத்து, துளையின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டாள். விளிம்பு வரை வந்து ஒரு சொட்டு வழிந்தால் அளவு சரி. எண்ணெய் தேன்போல் மெல்ல இறங்கியது. கை மாற்றிப் பிடித்தேன்.

"வருதா?"

"இல்ல."

முதல் புட்டி முடிந்தது. இரண்டாவதை மாட்டினேன்.

"வருதா?"

"இருங்கப்பா. பஸ்ல ஏறின குழந்தை மாதிரி கேட்டுக்கினே இருக்காதீங்க."

கண்பத் சிரித்தார். தமிழ் அவ்வளவாகப் புரியாது, என்னைத் திட்டினால் மட்டும் எந்த மொழியிலும் புரியும்.

மூன்றாவது புட்டியில் கால் பாகம் போயிருக்கும். அடியிலிருந்து குரல் வந்தது.

"வருதுப்பா. வருது, நிறுத்துங்க."

ஷட்டர்

போல்ட்டை இறுக்கி, துடைத்து, கலை எழுந்து வந்தாள். மார்க்கரை எடுத்து, கதவில் சேகர் எழுதிய கிலோமீட்டருக்குக் கீழே புதுக் கிலோமீட்டரை எழுதினாள். நான் எட்டிப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தேன்.

"அந்த வரியையும் புரியற மாதிரி எழுதிடேன். மேல, கீழன்னு."

"எதுக்கு? சரியாத்தானே எழுதியிருக்காரு" என்றாள். பேனாவை மூடிவிட்டாள்.

பழைய எண்ணெயை என்ன செய்வது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கண்பத் கேட்டார். கராஜில் பழைய எண்ணெய் வாங்கும் பீப்பாய் இருக்கிறது, எடுத்துப் போகவா என்றார். கலை டப்பாவிலிருந்து ஒரு டம்ளர் அளவு சின்னப் புட்டியில் சாய்த்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்துவிட்டாள். பிறகு மாவு அறைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, ஷட்டர் ஏறி இறங்கும் இரண்டு பக்கக் காடியிலும் பழந்துணியால் எண்ணெயைத் தடவினாள். ஒரு தடவை தூக்கி இறக்கினாள். மறுபடி தடவினாள்.

"மாவு அறைல இந்த நாத்தமா?" என்று சரோஜா ஆரம்பித்தாள்.

"ரெண்டு நாள்ல போயிடும்மா. அவர் ஊத்தினது இனிமே இதுல ஓடட்டும்."

சரோஜா ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் எனக்கு விழிப்பு வந்தபோது வெளியே வெயில். வண்டி போயிருந்தது. ஏழு இருபதுக்குக் கதவு இடிபட்டது. பனியனோடு கண்பத் நின்றார், தலை கலைந்து. அதே நேரம் கலையும் முதல் நடை முடித்து வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். கல்லித் திருப்பத்தில் காது கொடுத்தேன். உய்ங் இல்லை.

"அண்ணா, இது நியாயமா?" கண்பத் இந்தியும் மராத்தியுமாகக் கத்தினார். "ஷட்டர் சத்தமே இல்ல! நல்லாத் தூங்கிட்டேன். ஸ்டேஷன் சவாரி போச்சு!"

கலை வண்டியிலிருந்து இறங்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சண்டைக்கு வரீங்க அண்ணா?" என்றாள். "உங்க தோஸ்த்தைக் கேளுங்க. சத்தம் போடாதேன்னு அவர்தான் ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டிருக்காரு."

கண்பத் ஒரு கணம் விழித்தார். ஷட்டரைப் பார்த்தார். காடியில் விரலை வைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கலையும் சிரித்தாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அன்று புளியைப் பார்த்துச் சேகர் சிரித்த அதே சிரிப்பு.

இந்தத் தடவை நானும் சிரித்தேன்.